ஆலைக்குப் போன வளம்

காப்பியில் இட்டுக் கலக்கும் வெள்ளைச் சர்க்கரையில் மண்ணின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று சொன்னால், ஆண்டு முழுவதும் உரத்துக்கும் தண்ணீருக்கும் செலவழித்துக் களைத்த கரும்பு விவசாயிக்கு அது நம்பத்தகாத வார்த்தையாகவே படும். ஆயினும் ரசாயன சாஸ்திரம் கூறுவது அதுதான். கரி, ஹைட்ரஜன், பிராணவாயு ஆகிய மூன்றைக் கொண்டு, காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் சூரிய வெளிச்சத்தின் துணையால் இலை சமைத்துக்கொள்ளும் பொருளே சர்க்கரை. வேர் வழியே ஏறிய சாம்பல் சத்து, மணிச்சத்து, சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகம் முதலியவை மூட்டையில் ஏறுவதில்லை. கரும்பின் காய்ந்த இலையாகிய சோகையிலும், சக்கையை எரித்த சாம்பலிலும், சாற்றைத் தெளிய வைக்கையில் ஒதுங்கும் கசட்டிலும், கழிவுப்பாகிலும் தங்கிவிடுகின்றன. ஆகையால், கழிவு என்று நாம் ஒதுக்குகிறவையே வயலுக்குத் திரும்ப வேண்டிய சொத்து என்பது என் திடமான அபிப்பிராயம்.

சாற்றில் சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் சேர்த்துச் சுத்தி செய்யும்போது பிரியும் கறுத்த கசட்டைத்தான் பிரஸ்மட் என்கிறார்கள். புதிதாகக் கொட்டிய குவியலுக்குள் கையை நுழைத்தால் சூடு தட்டும். புளித்த வாடை மூக்கில் ஏறும். கரும்பின் மெழுகும் அதில் கலந்திருப்பதால் நீர் எளிதில் உட்புகாது. அதை அப்படியே வயலில் இறைப்பது உசிதமன்று. சாராய ஆலையின் கழிவுநீரைத் தெளித்துப் புரட்டிப் புரட்டி மக்க வைத்தாலோ, அந்நீரிலுள்ள சாம்பல் சத்தும் சேர்ந்து, மண்வாசனை வீசும் உதிரி எருவாக மாறிவிடும். கடைசி உழவுக்கு முன் ஹெக்டேருக்கு 37.5 டன் ஆலைக்கழிவு இடலாம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. ஆனால் 100 டன் கரும்பு அரைத்தால் கிடைக்கும் கசடு 3, 4 டன்தான். எல்லா வயலுக்கும் ஆண்டுதோறும் அது எட்டாது.

எட்டாத குறையைத் தீர்க்க வயலிலேயே கிடக்கிறது சோகை. அறுவடை முடிந்ததும் அதற்குத் தீ வைக்கும் வழக்கம் எனக்குப் பெரும் வேதனை தருவது. தழைச்சத்தும் கரிமமும் ஒரு மாலைப்பொழுதில் புகையாகிவிடுகின்றன. பார்களுக்கிடையே பரப்பிவிட்டால் ஈரம் காக்கும், களை அடங்கும், மெல்ல மக்கி மண்ணாகும்.

நுண்ணூட்டங்களின் விஷயத்தில்தான் இந்த மக்கிய எருவின் அருமை முழுமையாக விளங்கும். சுண்ணாம்பு நிறைந்த சுக்கான் கல் மிகுந்த நிலத்தில், வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும் மறுதாம்புப் பயிரைப் பாருங்கள்: இலை நரம்புகள் பச்சையாய் நிற்க, இடைப்பட்ட பாகம் வெளுத்து, நோய் முற்றினால் குருத்து முழுவதுமே காகிதம்போல் வெண்மையாகிவிடும். இது இரும்புச்சத்துக் குறை. முதிர்ந்த இலையிலுள்ள இரும்பு இளங்குருத்துக்கு இடம்பெயராததால் குருத்தே முதலில் வெளுக்கிறது. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டாதபடி கட்டிவைத்திருக்கிறது. நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, சிறிது யூரியாவும் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். வாங்கும்போது அன்னபேதி இளம்பச்சைப் பளிங்காக இருக்க வேண்டும். காற்றுப்பட்டுத் துருநிறம் ஏறியிருந்தால் பிரயோஜனம் குறைவு.

தெளிப்பு உடனடிச் சிகிச்சை மட்டுமே. நிலைத்த பலனுக்கு, நுண்ணூட்டக் கலவையைப்போல் பத்து மடங்கு மக்கிய எருவை எடுத்து, இரண்டையும் கலந்து, கைப்பிடியில் உதிரும் ஈரத்தில் நிழலில் 30 நாள் வைத்திருந்து இடுவது சிறந்தது. எருவிலுள்ள கரிம அமிலங்கள் இரும்பையும் துத்தநாகத்தையும் சுண்ணாம்பின் பிடியில் சிக்காமல் தாங்கி வேர்வரை கொண்டு சேர்க்கும். துத்தநாக சல்பேட்டை மட்டும் சூப்பர் பாஸ்பேட்டுடனோ டி.ஏ.பி.யுடனோ ஒரே கூடையில் கலந்து வீசக் கூடாது. துத்தநாகமும் மணிச்சத்தும் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு, வேருக்குக் கிட்டாமற் போய்விடும்.