அமெரிக்கத் தொழிற் போராட்டங்களில் குருதி சிந்தியது ஏன்?



1892ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள். பொழுது புலருமுன், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மொனாங்ககேலா ஆற்றின் வழியே இரண்டு பெரிய தட்டைப் படகுகள் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரை நோக்கி இழுத்து வரப்பட்டன. அவற்றினுள் ஏறத்தாழ 300 பேர் இருந்தனர். அவர்கள் அரசாங்கக் காவலரும் அல்லர், போர்வீரரும் அல்லர். பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனம் கூலிக்கு அமர்த்திய ஆட்கள். கார்னெகியின் எஃகு ஆலையைக் கைக்கொண்டு காப்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. கரையிலோ தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் திரண்டு நின்றனர். அன்றைய மோதலில் இரு தரப்பிலுமாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர்.

கரையில் நின்றவர்கள் உலைக்களத்தின் வெம்மையில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அத்தகையோர் துப்பாக்கி ஏந்த நேர்ந்தது ஏன்? தொழிலாளரின் முரட்டுத்தனமே காரணம் என்பார் சிலர். முதலாளிகளின் பேராசையே காரணம் என்பார் வேறு சிலர். முரட்டுத்தனமும் பேராசையும் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உள்ளவை. அவை குருதியாய் வெளிப்படுவதற்கு இடங்கொடுத்த சூழ்நிலை எது என்று ஆராய்வதே வரலாற்று மாணவரின் கடமை.

முதற் காரணம், பேச்சுக்கு இடமின்மை. முதலாளி தொழிற்சங்கத்தோடு பேசித்தான் ஆகவேண்டும் என்னும் சட்டம் அன்று இல்லை. ஹோம்ஸ்டெட்டில் ஊதிய ஒப்பந்தம் 1892 ஜூன் இறுதியில் முடிவுற்றது. கார்னெகி ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆலைப் பொறுப்பை ஏற்றிருந்த ஹென்றி ஃபிரிக், ஊதியக் குறைப்பிற்கு இசையாத சங்கத்தோடு பேச்சை முறித்தார். ஆலையைச் சுற்றி உயர்ந்த வேலி எழுப்பிக் கதவடைப்புச் செய்தார். சங்கத்தின் கையில் எஞ்சிய வழி ஒன்றே. அது பிறர் உள்ளே புகாமல் தடுப்பது. கருங்காலிகளைக் கொண்டு ஆலை ஓடத் தொடங்கிவிட்டால் போராட்டம் அன்றே தோற்றுவிடும். ஆகவே ஆலை வாயிலே போர்க்களம் ஆயிற்று.

இரண்டாம் காரணம், வேலையும் வீடும் ஒருவர் கையிலேயே இருந்தமை. சிகாகோவை அடுத்த புல்மன் நகரில் இரயில் பெட்டிகள் செய்த தொழிலாளர், நிறுவனத்திற்கு உரிய வீடுகளிலேயே குடியிருந்தனர். 1893இல் வணிக நெருக்கடி தோன்றியபின் நிறுவனம் ஊதியத்தைக் குறைத்தது. ஆனால் குடிக்கூலியைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் மூண்டது. வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலையில் வாழ்வோர்க்குப் பொறுமை காப்பது எளிதன்று.

மூன்றாம் காரணம், அரசு நடுவுநிலை தவறியமை. 1877இல் பால்ட்டிமோர் - ஒகையோ இரயில்வே நூற்றுக்குப் பத்து ஊதியத்தைக் குறைத்தபோது மூண்ட வேலைநிறுத்தம் பல மாநிலங்களிலும் பரவியது. அதனை அடக்கக் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் படையை அனுப்பினார். புல்மன் போராட்டத்தின்போது நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. அதனை மீறிய தலைவர் யூஜீன் டெப்ஸ் சிறை சென்றார். ஊதியத்தைக் குறைத்தவரை வழக்குமன்றத்தில் நிறுத்தத் தொழிலாளருக்கு வழியில்லை. ஒரு பக்கத்தாருக்கு மட்டும் திறக்கும் நீதிமன்றத்தை மறுபக்கத்தார் எங்ஙனம் நம்புவர்?

இம்மூன்று காரணங்களும் ஒன்றுகூடிய இடம் கொலராடோ மாநிலத்து லட்லோ. அங்கே 1913 செப்டம்பரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். எட்டு மணி நேர வேலை, நிலக்கரியைச் சரியாக நிறுக்கிறார்களா என்று பார்க்கத் தாம் தேர்ந்த ஓர் ஆள் முதலிய அவர்தம் கோரிக்கைகளுட் சில, மாநிலச் சட்டத்தில் முன்னரே இருந்தவை. இருக்கும் சட்டத்தை நிறைவேற்றுங்கள் என்று கேட்டவர்கள் நிறுவனத்தின் வீடுகளினின்று வெளியேற்றப்பட்டுக் கூடாரங்களில் பனிக்காலத்தைக் கழித்தனர். சுரங்க நிறுவனங்களின் காவலாட்கள் பலர் மாநிலப் படையின் உடை தரித்து நின்றனர். 1914 ஏப்ரல் 20ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. கூடாரங்கள் தீக்கு இரையாயின. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மடிந்தனர்.

தொழிலாளர் பக்கத்திலும் குற்றம் உண்டு என்பதை மறைத்தல் நேர்மை ஆகாது. 1877இல் பிட்ஸ்பர்க் நகரில், படையினர் சுட்டதில் பலர் இறந்தமை கண்டு வெகுண்ட கூட்டம் இரயில்வே கட்டடங்களையும் பெட்டிகளையும் எரித்தது. ஹோம்ஸ்டெட்டில் சரணடைந்த ஆட்களையும் கூட்டத்தினர் அடித்துத் துன்புறுத்தினர். லட்லோவிற்குப் பின் சுரங்கத் தொழிலாளர் ஆயுதம் ஏந்திச் சுரங்கங்களைத் தாக்கினர். இச்செயல்களை நாம் நியாயம் என்று கொள்ளவேண்டுவதில்லை. அவை பிறந்த இடத்தை அறிந்தால் போதும்.

1935இல் தேசியத் தொழிலுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் தொழிலாளருக்குள்ள உரிமையை அது காத்தது. 1937இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு மே மாத இறுதியிலேயே சிகாகோவில் காவலர் சுட்டுப் பத்துப் பேர் இறந்தனர். சட்டம் ஏட்டில் ஏறிய அன்றே மனிதர் மனத்தில் ஏறிவிடுவதில்லை. எனினும் நாளடைவில் ஆலை வாயிலில் நடந்த போர் பேச்சுவார்த்தை மேசைக்கு மாறிற்று. குருதி சிந்துதல் பெரிதும் குறைந்தது. முதலாளியும் தொழிலாளியும் தம் குணம் மாறித் தூயவராகிவிடவில்லை. முறையீட்டைக் கேட்பதற்கு ஓர் இடம் உண்டாயிற்று. அந்த இடம் முன்னரே இருந்திருப்பின், லட்லோவின் பதினொரு குழந்தைகளும் வளர்ந்து பெரியவராகியிருப்பர்.