கொரியா தேசத்து விருந்து

வானகரத்தைக் கடந்து பூவிருந்தவல்லி மார்க்கமாக மேற்கே செல்லும் பெருஞ்சாலை, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னே, இருங்காட்டுக்கோட்டையிலுள்ள ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலையை அடைகிறது. 1998-ஆம் வருஷம் அங்கே வண்டிகள் தயாராகத் தொடங்கியதையொட்டிக் கொரியர் பலர் குடும்பத்தோடு சென்னையில் வந்து வசிக்கலாயினர். அவர்களைத் தொடர்ந்து அவர்களுடைய உணவு விடுதிகளும் வந்தன. இவற்றில் கிடைப்பது பெரும்பாலும் உத்தியோகஸ்தர்களின் பசியாற்றும் அன்றாடச் சாப்பாடே. பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களை ஒவ்வொரு கவளமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படைக்கும் பெரிய விருந்தின் பெருமையை அறிய அவர்களுடைய தலைநகரான ஸியோலைத்தான் நாடவேண்டும்.

அகன்ற தட்டின் நடுவே ஒரே ஒரு கரண்டி பதார்த்தமா, இதென்ன வேடிக்கை என்று நம் இல்லத்தரசிகள் நகைப்பார்கள். கொரியர்களுக்கும் இது பரம்பரை வழக்கமன்று. அவர்களுடைய வழக்கம் நம் வாழையிலையைப் போன்றதே. சோறு, சூப், கிம்ச்சி என்னும் முட்டைக்கோஸ் ஊறுகாய், சுற்றிலும் சிறு சிறு கிண்ணங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிடும். அரசருக்குரிய போஜனத்திலும் பன்னிரண்டு வகைகள் சேர்ந்தே வைக்கப்பட்டன. வரிசையாகப் பரிமாறும் முறையை ஐரோப்பியரிடம் வாங்கிக்கொண்டார்கள். நாவின் சுவையை மட்டும் அவர்களிடம் அடகு வைக்கவில்லை.

அந்தச் சுவைக்கு ஆதாரம் 'ஜாங்' என்பது. சோயா மொச்சையை வேகவைத்து மசித்துக் கட்டிகளாகப் பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிடுவார்கள். உலர்ந்து புளித்த கட்டிகளை மண் சாடியில் உப்பு நீரில் ஊறப்போட்டு, கரித்துண்டும் மிளகாய் வற்றலும் இடுவார்கள். சில வாரங்கள் சென்றபின் வடித்த நீர் ஒரு குழம்புச் சாரம். தங்கிய விழுது மற்றொன்று. இரண்டும் வருஷக்கணக்கில் முதிரும். மிஷெலின் வழிகாட்டியின் 2025-ஆம் வருஷப் பதிப்பில் மூன்று நட்சத்திரம் பெற்ற ஸியோல் 'மிங்கிள்ஸ்' விடுதியிலே, காங் மின்-கூ என்னும் சமையற்கலைஞர் இந்த விழுதையும் சாரத்தையும் மிளகாய் ஜாங்கையும் இனிப்புப் பண்டத்திலேயே சேர்த்துப் புகழடைந்தார். நம் ஊர்ப் பெரிய ஹோட்டலொன்றில் மோர் மிளகாய் கேட்டுப் பாருங்கள். பரிமாறுகிறவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்!

இந்த வித்தை அழிந்துபோகாமல் தப்பியதே பெரிய காரியம். 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. அரசு போயிற்று, அரண்மனைச் சமையற்கட்டும் ஒடுங்கிற்று. அங்கே சிறு பிராயத்தில் பணிபுகுந்த ஹான் ஹூய்-ஸுன் என்னும் மாதரசியின் கைப்பக்குவத்திலேதான் ராஜ போஜனத்தின் ரகசியம் எஞ்சி நின்றது. கலாசாலை ஆசிரியையான ஹ்வாங் ஹே-ஸோங் 1940-களில் அவரைத் தேடிச் சென்று, பல்லாண்டு உடனிருந்து பழகி, 'கண்ணளவு, கையளவு' என்றிருந்ததையெல்லாம் ஏட்டில் ஏற்றினார். 1945 ஆகஸ்ட் 15-இல், நமக்கு இரண்டு வருஷம் முன்னதாக அதே தேதியில், கொரியா ஜப்பானியர் பிடியினின்றும் விடுபட்டது. 1971-இல் அரசாங்கம் அரண்மனைச் சமையலைத் தேசீயச் செல்வமாக அறிவித்தது. மறு வருஷமே ஹான் அம்மையார் காலமானார். சற்றே தாமதித்திருந்தால்?

மரக்கறி உண்போர் கிம்ச்சியைக் கண்டு ஏமாறலாகாது. அதில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ப்பது வழக்கம். அவர்களுக்குகந்தது பௌத்த மடங்களின் சமையல். அதில் மாமிசமில்லை, வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு.

உலக நாடுகளின் சபையைச் சேர்ந்த யுனெஸ்கோ, கிம்ச்சி போடும் வைபவத்தை 2013-லும், ஜாங் செய்யும் முறையை 2024-லும் மானிட குலத்தின் செல்வங்களாகப் பதிவு செய்தது. இதற்கிடையில் ஸியோலின் அடுக்குமாடி வீடுகளில் சாடி வைக்க முற்றமில்லை. இளம் பெண்கள் கடை ஜாங்கை வாங்கிக் காலம் கழிக்கிறார்கள். நம் மொட்டை மாடிகளில் வடாம் பிழிவோர் எத்தனை பேர் என்று எண்ணினால் அவர்களைக் குறை கூற நா எழாது.

இவ்வளவு ஆடம்பரமான விருந்தும் எங்கே போய் முடிகிறது என்கிறீர்கள்? அநேகமாகக் கடைசியில் ஒரு கிண்ணம் சோறு, சூடான சூப், சிறிது கிம்ச்சி. பிறகு, முளைகட்டிய தானிய மாவில் சோற்றை ஊறவைத்துச் செய்த இனிப்புப் பானம் ஒரு குவளை.