கட்டுமரமும் கேட்டமரனும்

ஆங்கிலம் தமிழிடம் கடன் வாங்கிய சொற்கள் எவை என்று அமெரிக்க நண்பர்கள் கேட்டால், நம்மில் பலரும் கறி, சுருட்டு, கட்டுமரம் என்று பெருமையோடு அடுக்குவோம். நானும் அப்படித்தான். ஆனால் மூன்றாவது சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் 'கேட்டமரன்' என்பது நம் கட்டுமரம் அல்ல.

கேட்டமரன் என்பது இரண்டு படகுகளை இடைவெளி விட்டுப் பிணைத்த அமைப்பு. அதன் மூலம் பசிபிக் தீவுகளின் பாலினீசிய மக்களுடைய இரட்டைத் தோணி. கட்டுமரமோ நாலைந்து மரங்களை நெருக்கிச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. ஆணி கிடையாது. உள்ளே குழிவும் கிடையாது.

பொறியியல் படித்தவன் என்ற முறையில் என்னை வியக்க வைப்பது இந்தக் குழிவின்மைதான். படகு என்பது தண்ணீரை வெளியே நிறுத்தி மிதப்பது. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை கரையிலேயே உடைகிறது. அங்கே படகில் தண்ணீர் நிரம்பினால் ஆபத்து. கட்டுமரத்தில் தண்ணீர் நிரம்ப இடமே இல்லை. வந்த நீர் மர இடுக்குகளில் வழிந்துவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைப்பார்கள், ஊறினால் கனத்துவிடும் என்பதால். அலை அடங்கிய பாக் நீரிணைப் பக்கம் வள்ளமும் வத்தையுமே அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கட்டுமரம் ஏழ்மையின் அடையாளம் அல்ல, கடலைப் படித்தவர்கள் கண்டுபிடித்த தீர்வு என்பது விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் டாம்பியர் போன்ற கடலோடிகளின் எழுத்தில் இச்சொல் ஆங்கிலத்தில் பதிவானது. பின்னர் அது இரட்டைப் படகுகளுக்குத் தாவியது. 1876ல் நியூயார்க் போட்டியில் நத்தானியல் ஹெரஷாஃப் தம் இரட்டைப் படகை ஓட்டி முதலில் வந்தார். மற்றவர்கள் ஆட்சேபித்ததால் பரிசு பறிபோயிற்று. 2013ல் இங்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில், 8-1 என்று பின்தங்கியிருந்த ஆரக்கிள் அணி 9-8 என வென்றதும் கேட்டமரனில்தான்.

சொல் இப்படிப் புகழ்பெற, அதைக் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? சங்கப் பாடல்களின் பரதவர்களை நெய்தல் திணை என்று மனப்பாடம் செய்ததோடு நம்மில் பலர் நிறுத்திக்கொண்டோம். அவர்கள் வாழ்க்கை உள்ளிருந்து நாவலாக விரிந்தது, உவரிக்காரரான ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' வந்த 2004ல். ஆமந்துறை கற்பனை ஊர், ஆனால் அங்கே வீசும் காற்றும் மரம் ஏறும் மனிதர்களும் நிஜம்.

அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்தது. 1980களிலேயே மோட்டாருக்கு வழிவிடத் தொடங்கியிருந்த கட்டுமரத்தின் இடத்தை, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. அதில் தவறில்லை. துடுப்புப் போட்டுத் தோள் தேய்ந்தவர்களிடம் பாரம்பரியத்தைக் காப்பாற்றச் சொல்ல, குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு உரிமை இல்லை.

ஆனால் எந்த மரத்தை எங்கே வைப்பது, கயிற்றை எப்படி இறுக்குவது, கரையின் கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிப்பது எப்படி என்பதெல்லாம் பெரும்பாலும் முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவற்றை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்வது நம்மால் முடிகிற காரியம். அகராதியில் ஒரு சொல் இருப்பதைக் காட்டிலும் அதுதான் பெருமை.