அஞ்ச வேண்டாம், அழைப்பைத் துண்டியுங்கள்

நடராஜப் பெருமானின் முன் வலக்கரம் அபய ஹஸ்தம். ‘அஞ்சேல்’ என்பதே அதன் பொருள். அத்திருக்கரத்தை நாள்தோறும் தரிசிக்கும் பெரியவர்களையும் இன்று ஒரு தொலைபேசி அழைப்பு நடுங்க வைத்துவிடுகிறது.

“உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது” என்று தொடங்கும் அந்தப் பேச்சு. சற்று நேரத்தில் வீடியோ அழைப்பில் காவல் சீருடை அணிந்த ஒருவர் தோன்றுவார். முத்திரையிட்ட ‘கைது ஆணை’ வாட்ஸ்அப்பில் வரும். “நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். கேமராவை விட்டு விலகக் கூடாது. பிள்ளைகளிடமும் சொல்லக் கூடாது. பணத்தை நாங்கள் கூறும் கணக்குக்கு அனுப்புங்கள், சரிபார்த்துத் திருப்பித் தருவோம்” என்று மிரட்டுவார்.

‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமரே இதனை எடுத்துரைத்தார். கைது என்பது நேரில் நிகழ்வது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ, அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். சட்டம் குடும்பத்தாரைச் சாட்சிக்கு அழைக்கிறது. மோசடிக்காரனோ அவர்களிடம் மறைக்கச் சொல்கிறான். ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற சொல்லே அவனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

வங்கிக்குச் சென்று வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறிக்கும்படி அவன் ஏவுவான். காரணம் கேட்டால் மருத்துவச் செலவு என்று கூறவும் கற்றுக்கொடுப்பான். வங்கி அலுவலர் கேட்கும் அந்த ஒரு கேள்வி, வாழ்நாள் சேமிப்பைக் காக்கக் கூடியது. அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே நலம்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். அனுப்பிய பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்கு விரைந்து மாறிவிடும். எடுக்கப்படுவதற்கு முன் புகார் சென்றால் அதனை முடக்கி வைக்க வழியுண்டு. ‘பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ’ என்று தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கே லாபம்.

ஏமாந்தவருக்கு இதில் இழிவில்லை, ஏமாற்றியவனுக்கே இழிவு. தொலைபேசியின் அருகே ஒரு சிறு தாளில் 1930 என்ற எண்ணையும், நம்பிக்கைக்குரிய ஒருவரின் எண்ணையும் பெரிய எழுத்தில் இன்றே எழுதி வையுங்கள்.