பூவை விழுங்கும் கத்திரி!

ஊட்டி, கொடைக்கானல் வீட்டு வாசல்களில் நீலப் பந்து போலப் பூத்து நிற்குமே, அதுதான் ஹைட்ரேஞ்சியா. ஜப்பான் நாட்டுச் செடி.

"இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது. ஒரு பூ கூட இல்லையே!" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். காரணம், கத்திரிதான்!

ரோஜாவைப் போல இதையும் குளிர்காலத்தில் ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுப் பூ, இந்த ஆண்டுக் கிளையின் நுனியிலேயே அரும்பாக ஒளிந்திருக்கும். நுனி போனால் பூவும் போயிற்று. பிறகு ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் எப்போது வெட்டுவது? பூ வாடியதும் வெட்டிவிட வேண்டும். வாடிய பூவுக்குக் கீழே, எதிரெதிராக இரண்டு பருத்த முளைகள் தெரியும். அவற்றுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். காய்ந்த குச்சியை எந்த மாதத்திலும் அடியோடு எடுக்கலாம்.

வெட்டிய தழையை ஆடு, மாடுகளுக்குப் போடாதீர்கள். அதில் விஷம் உண்டு!