சப்ரகமுவத் தோட்டத் தமிழரின் குடும்ப வரலாறும் உள்ளூர் ஆவணங்களும்

குடும்ப வரலாற்றை எழுதிவைக்கும் மரபு நெடுங்காலமாக உடைமையாளர்க்கே உரியதாக இருந்து வந்துள்ளது. காணி உறுதியும் கோயில் உரிமையும் சீதனப் பத்திரமும் உள்ள குடும்பம் தன் முன்னோரை ஏழு தலைமுறைக்கு எண்ணிச் சொல்லும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்து வரும் தமிழ் மக்களிடம் இத்தகைய பத்திரங்கள் இல்லை. அவர்கள் வாழும் லயத்து அறைகூட அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இதனால் இம்மக்களுக்கு எழுத்திலமைந்த வரலாறு கிடையாது என்ற எண்ணம் ஆய்வாளரிடையேயும் வேரூன்றியுள்ளது. உண்மை இதற்கு மாறானது. இவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் ஏராளம். எனினும் அவை கடனை வசூலிக்கவும், வேலையைக் கணக்கிடவும், குடியுரிமையை மறுக்கவும் பிறரால் எழுதப்பட்டவை. அவ்வேடுகளிலிருந்து ஒரு குடும்பத்தின் வரலாற்றை எவ்வாறு மீட்கலாம் என்பதையே இங்கு நோக்குவோம்.

சட்டம் கேட்ட வம்சாவளி

குடும்ப வரலாறு இம்மக்களைப் பொறுத்தவரை ஓய்வுநேர ஆர்வமாக என்றுமே இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதனை வாழ்வுரிமைப் பிரச்சினையாக்கியது. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்பதைக் காட்ட வேண்டியதாயிற்று. தோட்டங்களில் முந்திய தலைமுறையினரின் பிறப்புகள் பல பதிவு செய்யப்படவே இல்லை. பிறந்தது உண்மை, பதிவு இல்லை. பதிவு இல்லாதவிடத்து நாடும் இல்லை என்றாயிற்று.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமைக்கு மற்றொரு வழியைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழு ஆண்டுகளும் ஏனையோர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இங்கு வசித்தமையை நிரூபிக்க வேண்டுமென அது விதித்தது. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. அவற்றில் அடங்கிய எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோருள் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர் மட்டுமே. தாய் வீட்டில் பிள்ளை பெறுவதற்காகவோ, கொடிக்கால் நிலத்தைப் பார்க்கவோ ஊர் சென்று தங்கிய காலங்கூடப் பலருக்கு எதிரான சான்றாக நின்றது.

இச்சட்டங்களின் மீதான முதன்மையான வழக்கு சப்ரகமுவ மண்ணில் தோன்றியது என்பது கவனத்திற்குரியது. கேகாலை மாவட்டத்து றுவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடாக்கன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். விசாரித்த அலுவலர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் சட்டங்கள் செல்லுபடியாகும் என்றது. ஓர் உள்ளூர் இடாப்பின் ஒரு வரி பேரரசின் இறுதி நீதிமன்றம் வரை சென்ற வரலாறு இது. வாக்காளர் இடாப்பைக் குடும்ப வரலாற்றாய்வாளர் எத்துணைக் கூர்மையுடன் படிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1931க்குப் பின் வந்த இடாப்புகளில் இருந்த பெயர்கள் பின்வந்த இடாப்புகளில் இல்லாமற் போவதைக் காணுமிடத்து, அக்குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று முடிவு செய்தல் கூடாது. அது அங்கேயே இருந்திருக்கலாம். அதன் வாக்குரிமையே போயிருக்கலாம்.

பிறப்புப் பதிவும் அதன் கூறுகளும்

ஆய்வு எப்போதும் இன்று வாழ்பவரிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். முதற்படி பிறப்புச் சான்றிதழாகும். தோட்டத்தில் நிகழும் பிறப்பும் இறப்பும் தோட்டத்துரையின் அறிக்கை வாயிலாக மாவட்டப் பதிவாளரைச் சென்றடைந்தன. இப்பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகங்களிற் பெறலாம். பதிவு கிடைக்காதவிடத்து வழங்கப்படும் உத்தேச வயதுச் சான்றிதழும் ஒரு வரலாற்று ஆவணமே. பதிவின்மையை அது பதிவு செய்கின்றது.

இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியன கேட்கப்படுகின்றன. தந்தை இங்கு பிறவாதவராயின் பூட்டனைப் பற்றியும் அவ்வாறே கேட்கப்படுகின்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இந்தக் கூடுகளில் விழுந்துள்ளது. அவை வெறுமையாக விடப்பட்டிருப்பின், அவ்வெறுமையும் ஒரு செய்தியாகும். தாயின் பெயரும் பிறந்த இடமும் இப்பத்திரத்தில் உண்டு. தந்தைவழியையே தேடிய சட்டத்தினூடே பெண்வழியைப் பின்தொடர்வதற்கு இது அரிய வாயிலாகும்.

தோட்டத்து ஏடுகள்

தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் இரண்டாவது பெருமூலம். யார் எந்தக் கங்காணியின் கீழ் எத்தனை நாள் வேலை செய்தார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், அரிசிக்கும் முற்பணத்துக்கும் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பனவெல்லாம் அதில் அடங்கும். கங்காணியின் பெயரே பெரும்பாலும் ஊரையும் உறவையும் காட்டும் குறியீடாகும். கங்காணிமார் தம் கிராமத்தாரையும் சுற்றத்தாரையும் திரட்டி வந்தமையே இதற்குக் காரணம். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ முறையில், தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை வேறு தோட்டம் ஏற்கலாம் என எழுதித் தரப்பட்டது. எங்கேனும் ஒரு துண்டு எஞ்சியிருப்பின், அது குடும்பம் தோட்டம் மாறிய பாதையைக் காட்டும். 1958க்குப் பின் ஊழியர் சேமலாப நிதிப் பதிவுகளும், தோட்டப் பாடசாலைச் சேர்வு இடாப்புகளும், தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளும் துணைபுரியும்.

இவ்வேடுகளைப் படிப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் இரண்டு. முதலாவது பெயர். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் ஒவ்வொருவரும் ஒவ்வொருவாறு எழுதினர். ஒருவரே மூன்று ஏடுகளில் மூவராகத் தோன்றுவார். பெயரோடு கங்காணி, லயம், மனைவியின் பெயர் ஆகியவற்றையும் ஒப்புநோக்கியே ஒருவரை உறுதிப்படுத்த வேண்டும். இரண்டாவது இடம். தோட்டத்திற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் மக்கள் வழக்கில் வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்கும். பெரிய தோட்டங்கள் பிரிந்தும் சிறியவை இணைந்தும் போயுள்ளன. பேர்குசன் வெளியிட்ட இலங்கை விவரக்கொத்துகளின் தோட்டப் பட்டியல்கள் இவ்விடத்திற் பயன்படும்.

கடலுக்கு அப்பால்

இந்தியாவில் இருந்து தொழிலாளர் திரட்டும் பணியை 1904இல் நிறுவப்பட்ட இலங்கைத் தொழில் ஆணையகம் திருச்சிராப்பள்ளியிலிருந்து மேற்பார்த்தது. தட்டப்பாறை, மண்டபம் முகாம்களின் வழியே மக்கள் வந்தனர். தோட்ட இலக்கம் பொறித்த தகர வில்லையை அவர்கள் அணிந்து வந்தனர். ஆகவே எந்த ஊர் என்ற வினாவுக்கு விடை தேடுவோர் தோட்டத்திலிருந்து தொடங்கிக் கங்காணியின் கிராமத்தை அடைதலே இலகுவானது. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் புறப்பாட்டைத் தடை செய்தது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட முனைந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் நீலகிரியிலும் தம்பி இறக்குவானையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. தாயகம் திரும்பியோர் எனப்பட்டோரின் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இங்குள்ளவர்களின் வரலாற்றின் மறுபாதியாகும்.

இன்று செய்ய வேண்டியது

1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர் நிலையை முடிவுக்குக் கொண்டு வந்தன. உரிமைக்காகப் பாட்டனைத் தேட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் நீங்கியது. எனினும் ஏடுகள் அழிந்து கொண்டிருக்கின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போதும், 1992இல் கம்பனிகளிடம் முகாமை கையளிக்கப்பட்டபோதும் தோட்ட அலுவலகங்கள் கைமாறின. பழைய செக்ரோல்களைப் பேணும் கடமை எவருக்கும் உரியதாக இருக்கவில்லை. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரி, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளின் லயங்களோடு டிரங்குப் பெட்டிகளும் எரிந்தன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வெறுங்கையுடன் சென்றனர். எஞ்சியவற்றைக் களுகங்கையின் வெள்ளமும் மண்சரிவும் அச்சுறுத்துகின்றன.

ஆகவே பல்கலைக்கழக மாணவரும் ஆசிரியரும் மூன்று பணிகளை உடன் மேற்கொள்ளலாம். தோட்டத்து முதியோரின் கூற்றுகளைக் கேட்டு, அவர்கள் நினைவிலுள்ள கங்காணிமார் பெயர்களையும் தோட்டத் தமிழ்ப் பெயர்களையும் பட்டியலிடல். குடும்பங்களின் கையிலுள்ள பிரஜாவுரிமைப் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் அவர்தம் அனுமதியுடன் படமெடுத்துப் பேணல். தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள ஏடுகளைச் சுவடிக்கூடத்திற் சேர்ப்பதற்கு முயலல் என்பனவே அவை. சாதி, கடன், பதிவற்ற திருமணம் போன்ற செய்திகள் வெளிப்படுமிடத்து, அவற்றை வெளியிடும் உரிமை அக்குடும்பத்தாருக்கே உரியது என்பதை மறத்தலாகாது.

பிறர் தம் தேவைக்காக எழுதிய ஏட்டில் ஒரு தொழிலாளியின் பெயர் ஓர் இலக்கத்திற்கு அருகே நிற்கின்றது. அப்பெயருக்குத் தாயையும் ஊரையும் உழைப்பையும் மீண்டும் சேர்த்து எழுதுவது, அவர் பேரப்பிள்ளைகள் பேனா பிடித்துள்ள இக்காலத்தின் கடமையாகும்.