வெள்ளத்தில் கார் கதவு திறக்காதது ஏன்? பொறியியல் பாடம் தரும் விடை

சுபாங் ஜெயா - மோனாஷ், டெய்லர்ஸ் போன்ற இவ்வட்டாரப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் பயில்வோர் பலரும் கடந்து செல்லும் பாடம் பாய்ம நிலையியல். அசையாமல் நிற்கும் நீரின் அழுத்தத்தையும் மிதப்பு விசையையும் கணக்கிடும் பாடம் அது. நீரில் மூழ்கிய கதவின் மீது எவ்வளவு விசை விழும் என்பது அதில் வழக்கமாக வரும் கேள்வி.

கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது தேர்வுக் கேள்வி மட்டுமல்ல. 2021 டிசம்பர் 18-இல் பெய்த கனமழையில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் மீட்புப் படகுக்காகக் காத்திருந்தனர். உயிர்களும் பறிபோயின.

ஆழமே முக்கியம்

நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். எவ்வளவு தண்ணீர் பரந்து கிடக்கிறது என்பது கணக்கில் வராது. கிள்ளான் ஆற்றில் அரை மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம்தான், வீட்டு வாசலில் தேங்கிய அரை மீட்டர் நீரின் அடியிலும் உண்டு.

ஒரு மீட்டர் அகலமுள்ள கார் கதவை எடுத்துக்கொள்வோம். அதன் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்திற்கு வெளியே நீர் நிற்கிறது; உள்ளே நீர் இல்லை. நீரின் மேற்பரப்பில் அதன் அழுத்தம் பூஜ்யம், கதவின் அடியில் 4,905 பாஸ்கல். சராசரியை நனைந்த பரப்பான 0.5 சதுர மீட்டரால் பெருக்கினால் 1,226 நியூட்டன் வரும். இது சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். சராசரியை மறந்து, அடியிலுள்ள அழுத்தத்தையே பெருக்கினால் விடை இரு மடங்காகிவிடும்.

நீர் ஒரு மீட்டருக்கு உயர்ந்தால் விசை 500 கிலோ எடைக்குச் சமமாகிறது. ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கீலுக்கு எதிர் விளிம்பில் தள்ளினால் இதில் பாதி போதும் என்றாலும், 250 கிலோவைத் தள்ளுவது யாருக்கும் எளிதல்ல.

மிதக்கும் கார்

ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடை அளவுக்கு மேல்நோக்கிய விசை கிடைக்கும் என்பது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். சிறிய காரின் எடை சுமார் 1,000 கிலோ. அடிப்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர் எனக் கொள்வோம். அடித்தட்டுக்கு மேல் 20 சென்டிமீட்டர் நீர் ஏறினாலே 1,000 கிலோ நீர் விலக்கப்படும். அதாவது, முழங்கால் அளவு நீரிலேயே கார் மிதக்கத் தொடங்கலாம். அதற்கு முன்பே டயர்கள் சாலைப் பிடிப்பை இழக்கத் தொடங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

வெள்ளம் தேங்கிய சாலையில் காரை இறக்காமல் திரும்புவதே பாதுகாப்பு. சிக்கிக்கொண்டால் கதவோடு போராட வேண்டாம். இருக்கைப் பட்டையைக் கழற்றி, மின்சாரம் இயங்கும்போதே கண்ணாடியை இறக்கி, அதன் வழியே வெளியேற வேண்டும். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமானால் கதவு திறக்கக்கூடும். ஆனால் அதற்காகக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

இக்கணக்குகளின் அடிப்படை ஐந்தாம் படிவ இயற்பியலிலேயே உள்ளது. வீட்டில் எஸ்பிஎம் மாணவர் இருந்தால், குடும்பத்தாருக்கு அவரே விளக்கலாம்.